கோட்டை இருந்த இடத்துப் பூங்கா

புதுச்சேரியின் பாரதி பூங்காவைப் பற்றிச் செஞ்சிக்காரர்கள் எழுத வேண்டியது என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தப் பூங்காவும் அதைச் சுற்றியுள்ள கட்டடங்களும், கிழக்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்களும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்கின்றன. அக்கதையின் முதல் பாதி செஞ்சியில் நிகழ்ந்தது. இரண்டாம் பாதியை மட்டுமே சுற்றுலாக் கையேடுகள் அச்சிடுகின்றன.

வல்லம், செஞ்சி வட்டாரத்திலிருந்து புதுவைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கோ, வழக்கு வியாஜ்யத்துக்கோ, கடற்கரைக்கோதான் போகிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் அரசு பொது மருத்துவமனையின் அருகிலேயே இந்தப் பூங்கா. காத்திருக்கும் உறவினர்கள் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தலைசாய்த்திருக்கும் மண்ணின் கீழே ஒரு கோட்டையின் அடித்தளம் கிடக்கிறது. அந்தக் கோட்டையைக் கட்டிக்கொள்ளும் உரிமை செஞ்சி மலையிலிருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1673-இல் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் புதுச்சேரியில் கால்வைக்க இடம் கொடுத்தவர் பீஜப்பூர் சுல்தானின் ஆளாக இருந்த ஷேர்கான் லோடி. நான்கே ஆண்டுகளில், 1677-இல், சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். ஷேர்கானின் அதிகாரம் கரைந்தது. அன்றைய புதுச்சேரி, கடலோரத்தில் துணி வாங்கி ஏற்றும் ஒரு சிறு பண்டகசாலை. அதன் தலைவர் பிரான்சுவா மார்ட்டின். அவருடைய நாட்கள், செஞ்சியிலிருந்து என்ன ஓலை வருமோ என்ற கவலையில் கழிந்தன. கோட்டை எழுப்பும் அனுமதியை அவர் பெற்றது செஞ்சியின் மராட்டிய அரசிடமிருந்துதான். அந்த அனுமதி எவ்வளவு நிலையற்றது என்பது 1693-இல் தெரிந்தது. அப்போது செஞ்சியில் முகலாய முற்றுகைக்குள் அடைபட்டிருந்தார் சிவாஜியின் மகன் இராஜாராம். படைச் செலவுக்குப் பணம் தேவை. டச்சுக்காரர்கள் அவரிடம் பணம் கொடுத்துப் புதுச்சேரியை விலைக்கு வாங்கினார்கள். பிறகு கப்பல்களோடு வந்து மார்ட்டினை வெளியேற்றினார்கள். 1697-இன் ரிஸ்விக் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1699-இல் அவர்கள் கைக்கு வந்தது.

ஆக, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரி என்பது செஞ்சியில் பேரம்பேசப்பட்ட ஒரு சரக்கு. இன்று செஞ்சியைப் பார்க்க வருகிறவர் புதுவையில் அறை எடுத்துத் தங்கி, ஒரு பகல் பயணமாக மலையேறிவிட்டு இறங்குகிறார். அன்றைய நிலை நேர்மாறானது. செஞ்சி தலைநகர், புதுவை அதன் கடலோரக் குப்பம்.

திரும்பி வந்த மார்ட்டின், முன்பட்ட பாட்டை மறக்கவில்லை. ஐங்கோண வடிவில், ஐந்து கொத்தளங்களுடன் ஒரு கோட்டையை எழுப்பினார். பிரெஞ்சுக் கோட்டைக் கலையின் பேராசானான வோபான் துர்னே நகருக்கு வகுத்த கோட்டையின் சாயலில் அமைந்தது அது. புனித லூயியின் பெயர் சூட்டப்பட்டு 1706-இல் முழுமை பெற்றது. அதே ஆண்டின் கடைசி நாளில் மார்ட்டின் இறந்தார். தான் கட்டிய கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். ஊரின் நடுவே, கடலைப் பார்த்து நின்ற அந்தக் கோட்டையின் பரப்பில்தான் இன்றைய பூங்காவும் அதன் சுற்றுப்புறமும் இருக்கின்றன.

அந்த நூற்றாண்டின் நடுவில் காற்று திசை மாறியது. ஆளுநர் துய்ப்ளேயின் காலம். 1748 செப்டம்பரில் புதுச்சேரி ஆங்கிலேயரின் முற்றுகையில் இருந்தபோது, இயேசு சபையாரின் தேவாலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதைத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் கசந்து பதிந்திருக்கிறார். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. தமிழ் உரைநடையின் வரலாற்றில் அந்த நாட்குறிப்பின் இடத்தைப் பற்றி நம் வகுப்புகளில் இரண்டு வரிதான் சொல்கிறோம். பரீட்சைக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுக்காலம் ஓர் ஊரின் சந்தைவிலை, சூழ்ச்சி, மழை, மரணம் எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் எழுதி வைத்த மனிதர் அவர்.

1750 செப்டம்பரில் ஒரே இரவில் செஞ்சி வீழ்ந்தது. எட்டாண்டுகள் முகலாயப் படையை வாயிலில் காத்திருக்க வைத்த கோட்டை அது. புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை பொழுது விடிவதற்குள் மலைகளின் மேல் நின்றது. மேலிருந்து ஓலை வந்துகொண்டிருந்த இடத்தைக் கீழிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளும் சில மாதங்களும் செஞ்சியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி.

தூண்கள் இடம்பெயர்ந்தது எப்போது? கீழ்க்கோட்டையில் இன்றும் நிற்கும் வேங்கடரமணர் கோயில், நாயக்கர் காலத்தது. முத்தியாலு நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பியது என்பர். செஞ்சிக் கோயில்களிலேயே பெரியது. அதன் கோபுர வாயிலில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த காட்சியும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. உள்ளே போனால் மண்டபங்களில் கண்ணை உறுத்தும் வெறுமை. ஒரே கல்லில் வடித்த உயரமான தூண்கள் நின்றிருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுவைக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கையேடுகள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் 1761 என்ற ஆண்டைத் தருகின்றன. இதை ஏற்க என்னால் முடியவில்லை.

காரணம் எளியது. 1760-இலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சூழ்ந்துவிட்டார்கள். உள்ளே உணவுப் பஞ்சம். 1761 ஜனவரி 16-இல் தளபதி லாலி சரணடைந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையும் அந்த ஜனவரியில்தான் இறந்தார். தொடர்ந்து ஏப்ரலில் செஞ்சிக் காவற்படையும் ஆங்கிலேயரிடம் பணிந்தது. பட்டினியில் கிடக்கும் ஊருக்கு, எதிரிப் படை மறித்திருக்கும் சாலையில், அறுபது கிலோமீட்டருக்கு மேல் தூண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளை யாரால் கற்பனை செய்ய முடியும்? பணமும் உண்டு, பெருமை பேசவும் ஆசை உண்டு என்றிருந்த காலம் 1750-ஐ ஒட்டிய சில ஆண்டுகள்தான். துய்ப்ளே 1754-இல் பதவி இழந்து பாரீசுக்குத் திரும்பும்வரை அவருடைய புகழ் உச்சியில் இருந்தது. தூண்கள் அந்த ஆண்டுகளில் புதுவைக்குப் போயின என்று கொள்வதே பொருந்துகிறது. 1761 என்பது செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போன ஆண்டு. அது எப்படியோ தூண்கள் போன ஆண்டாக மாறிவிட்டது.

செஞ்சி இழந்த கற்கள் இவை மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வல்லம் பக்கத்து மேல்சித்தாமூர்ச் சமண மடத்துக் கோயிலிலும் செஞ்சியிலிருந்து சென்ற கல்வேலைப்பாடுகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு வேறுபாடு உண்டு. அவை ஒரு வழிபாட்டிடத்திலிருந்து இன்னொரு வழிபாட்டிடத்துக்குப் போயின. இன்றும் அவற்றின் முன் விளக்கு எரிகிறது.

லாலி சரணடைந்த பிறகு நடந்தது பழிவாங்கல். 1758-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித தாவீது கோட்டையை லாலி தரைமட்டமாக்கியிருந்தார். அதற்கு ஈடாக, புனித லூயி கோட்டையையும், துய்ப்ளேயின் மாளிகையையும், வெள்ளை நகரின் தெருக்களையும் ஆங்கிலேயர் கல்மேல் கல் நில்லாதபடி இடித்தார்கள். 1763-இன் பாரீசு உடன்படிக்கைக்குப் பின் 1765-இல் திரும்பி வந்த லா த லோரிஸ்தோன் கண்டது மண்மேடுகளை. அவர் தெருக்களைப் பழைய கோடுகளிலேயே மீட்டெடுத்தார். ஆளுநர் மாளிகையும் மறுபடி எழுந்தது. நெடுங்காலம் ராஜ் நிவாஸ் என்று அறியப்பட்ட, பூங்காவுக்கு வடக்கே இருக்கும் அந்த வெள்ளை மாளிகை. கோட்டை மட்டும் மீண்டும் எழவே இல்லை. நெப்போலியன் போர்களின் முடிவில், 1814-இன் உடன்படிக்கை, இந்தியாவில் தம் இடங்களில் பிரெஞ்சுக்காரர்கள் அரண் எதுவும் கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவே படை வைத்துக்கொள்ளலாம் என்று கட்டுப்படுத்தியது. நகரின் நடுவில் இருந்த வெற்றிடத்தில் கோட்டை கட்ட வழியில்லை. ஆளுநர் மாளிகையின் முன்னால் கிடந்த அந்த நிலம் அரசாங்கச் சதுக்கமாகவும் பின்னர்ப் பூங்காவாகவும் ஆனது. பாரதி 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்தார். பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மணக்குள விநாயகர்மீதுதான் விநாயகர் நான்மணிமாலையைப் பாடினார். மணற்குளக் கரையில் அமர்ந்த பிள்ளையார். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே அங்கிருந்தவர். பூங்காவுக்குப் பாரதியின் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

பூங்காவின் நடுவில் நிற்கிறது ஆயி மண்டபம். கிரேக்க, உரோமானியக் கட்டட முறையில் அமைந்த வெள்ளை மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தது. புதுச்சேரியின் அடையாளச் சின்னமாக அரசு ஏற்றுக்கொண்டதும் இதைத்தான். இதன் பின்னால் உள்ள கதையைத் தமிழ் தெரிந்த புதுவைக்காரர் எவரும் சொல்வார். பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தாராம். உடன் உய்யக்கொண்டான் விசுவராயர். அந்தி வேளையில் முத்திரப்பாளையத்தில் விளக்குகள் ஒளிர்ந்த பெரிய மாளிகையைக் கண்டு கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம் அரசர். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று அங்கிருந்தவர்கள் சொல்ல, நாணிய அரசர் வீட்டை இடிக்கக் கட்டளையிட்டார். தானே இடித்துவிடுவதாகவும், அதற்கு அவகாசம் வேண்டும் என்றும் ஆயி மன்றாடினாள். வீட்டை இடித்து, தன் செல்வத்தால் அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள்.

முன்னூறு ஆண்டுகள் தாண்டி, உவர்நீர்க் கிணறுகளோடு தவித்த கடலோர நகரத்துக்கு நல்ல தண்ணீர் தேடியபோது, அது முத்திரப்பாளையத்தில் கிடைத்தது. 1863-இல் பொறியாளர் லமெரெஸ் அங்கிருந்து கால்வாய் அமைத்து நீரைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். ஆயியின் கதையைக் கேட்டு நெகிழ்ந்த பேரரசர், நினைவுச் சின்னம் அவள் பெயரில் அமையட்டும் என்றாராம்.

இந்தக் கதையின் பிற்பகுதியில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பேரரசர்கள் நெகிழ்ந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. முற்பகுதிதான் உறுத்துகிறது. கதையை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். தவறாகக் கைகூப்பியவர் அரசர். தண்டனை பெற்றவள் விளக்கேற்றி வைத்திருந்த பெண். தண்டனையையே அவள் அறமாக மாற்றினாள் என்று நாம் மெச்சுகிறோம். மெச்சும்போதே தண்டனையை நியாயம் என்று ஒப்புக்கொண்டும் விடுகிறோம்.

இன்னும் ஓர் ஐயம் உண்டு. ஒரு பெண், அதிலும் ஆடல்மகள், தன் விருப்பத்தில் தன் பொருளால் ஒரு குளம் வெட்டியிருக்க முடியாதா? தமிழகக் கல்வெட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இது வியப்பே அல்ல. சோழர் காலத்திலிருந்தே தேவரடியார்கள் கோயிலுக்கு விளக்கெரிக்கப் பொன் கொடுத்திருக்கிறார்கள், நிலம் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசையோடு கல்லில் இருக்கின்றன. தன் பெயரும் கொடையும் கல்லில் நிற்க வேண்டும் என்ற உரிமையுணர்வு அந்தப் பெண்களுக்கு இருந்தது. பிற்காலத்தில் அவர்களைப் பழித்துப் பேசும் வழக்கம் வந்தபின், ஒரு தாசி வெட்டிய குளம் ஊருக்கு நீர் தருகிறது என்பதை அப்படியே சொல்ல நா கூசியிருக்கும். ஓர் அரசரின் சினத்தை நடுவே புகுத்தினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கொடை தண்டமாகிவிடுகிறது. கிருஷ்ணதேவராயரின் வருகை இந்தக் கதைக்குத் தேவைப்பட்டது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். இதை மெய்ப்பிக்கக் கல்வெட்டுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் அரசர் சினந்ததற்கும் அதைவிட நல்ல சான்றை எவரும் காட்டவில்லை.

லமெரெஸைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாய் வெட்டியதோடு நின்றவர் அல்லர் அவர். தென்னிந்தியாவின் பாடல்களைப் பிரெஞ்சில் பெயர்த்து 1867-இல் ஒரு நூல் வெளியிட்டார். குறளின் பகுதிகளும் அதில் உண்டு. பிறகு 1891-இல் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தையும் பிரெஞ்சாக்கினார். ஆயியின் குளத்துப் பக்கத்திலிருந்து நகருக்கு நீர் கொணர்ந்த பொறியாளர், கணிகையருக்குத் தனி அதிகாரமே உள்ள நூலைக் கடைசியில் மொழிபெயர்த்தார் என்பதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம்.

பூங்காவின் பிற பக்கங்களை விரைந்து கடக்கலாம். சட்டப்பேரவைக் கட்டடமும் அருங்காட்சியகமும் அருகிலேயே. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்ததன் தொடர்ச்சியான உரோமானியச் சுவடுகளை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1827-இல் தொடங்கிய நூலகம் இன்று ரோமன் ரோலான் பெயரில் இருக்கிறது. புத்தகம் தேடுகிற எவரும் பூங்காவைவிட அங்கே அதிக நேரம் செலவிடுவது நல்லது. கிழக்கே நடந்தால் 1836-இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம். அதை அடுத்துக் கடல்.

கடலின் முன்னால்தான் அந்தத் தூண்கள். எட்டுக் கருங்கல் தூண்கள், நடுவில் காந்தி. இந்தச் சதுக்கத்தில் முதலில் நின்றவர் காந்தி அல்லர். 1870-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே துய்ப்ளேயின் சிலையை நிறுத்தினார்கள். அவரைச் சுற்றித்தான் செஞ்சித் தூண்கள் அணிவகுத்தன. வென்றவனைச் சுற்றி, வெல்லப்பட்ட இடத்தின் கற்கள். அந்த அமைப்பின் பொருள் அன்று யாருக்கும் விளங்காமல் இருந்திருக்காது. 1954 அக்டோபரில் கீழூரில் வாக்களிப்பு நடந்தது. நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. 1962-இல் சட்டப்படியும் முழுமையடைந்தது. துய்ப்ளே கடற்கரைச் சாலையின் தென்கோடிக்குப் போனார். காந்தி வந்தார். தூண்கள் அங்கேயே நின்றன. வெற்றியாளனுக்கு வளைத்த மாலையை அப்படியே காந்திக்கு அணிவித்துவிட்டோம். மாலை எங்கே தொடுத்தது என்று கேட்கவில்லை.

ஒருமுறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எல்லோரும் செஞ்சிச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். தூண்களில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இவை நம் ஊர்த் தூண்கள் என்று சொன்னபோது ஒரு மாணவி, "அப்போ இங்க ஏன் எழுதி வைக்கல ஐயா?" என்று கேட்டாள். வேறொருவன் திருப்பிக் கேட்க வேண்டும் என்றான். அதைப்பற்றிப் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பேச்சு.

திருப்பிக் கேட்பதில் எனக்கு உடன்பாடு உண்டா என்றால், முழுமையாக இல்லை. கடற்காற்றில் அந்தக் கருங்கற்கள் நெடுங்காலம் நின்றுவிட்டன. புதுவையின் வரலாறும் இப்போது அவற்றில் படிந்திருக்கிறது. பெயர்த்துக் கொண்டுவந்தாலும் வேங்கடரமணர் கோயிலின் மண்டபத்தில் அவற்றை முன்பிருந்த முறையில் நிறுத்துவது எளிதன்று. ஆனால் அந்த மாணவியின் கேள்வி அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் இராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழகத்திலிருந்து செஞ்சி ஒன்றுதான். ஊரெல்லாம் மகிழ்ச்சி. உலகம் பார்க்க வரும் அந்தக் கோட்டையின் ஓர் அங்கம் இன்னோர் ஆட்சிப் பகுதியின் கடற்கரையில் பெயரின்றி நிற்கிறது. செஞ்சியின் கோயிலில், இங்கிருந்த தூண்களைப் புதுவைக் கடற்கரையில் காணலாம் என்று ஒரு பலகை. புதுவைக் கடற்கரையில், இவை செஞ்சி வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் என்று ஒரு பலகை. தமிழிலும் வேறு இரண்டு மொழிகளிலும் நான்கு வரி போதும். ஆண்டைக் குறிக்கும்போது மட்டும் 1761 என்று போட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

செஞ்சி மலைகளின் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, வில்லியனூரைக் கடந்து புதுவைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அதைச் செஞ்சியாறு என்று சொல்பவர்கள் இன்றும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.